மூன்று நாட்டுச் சட்டப்படி ஒரு குசினி

நான் இதுவரை ஒரே ஒரு பொறியியலாளரைத்தான் அடித்திருக்கிறேன். அதுவும் வீடு கூட்டுகிற தும்புத்தடியால். அதுவும் அவருடைய உயிரைக் காப்பாற்றுவதற்காக. இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை மேலும் என் பிரம்பு பட்டதில்லை. (சந்தேகம் என்றால் என்னிடம் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓரிரண்டு பேரை விட்டுவிட்டுக் கேளுங்கள்.)

எல்லாம் என் மகள் நிரோஜாவின் கேக்கில் தொடங்கியது. படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருந்த பிள்ளை, பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக் குசினியிலேயே கேக்கும் தொதல் இனிப்பும் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். குருநகரில் ஒரு கலியாண வீட்டார் அவளுடைய கேக்கை எங்கேயோ சாப்பிட்டுவிட்டு, தங்கள் மகளின் கலியாணத்துக்கும் நீயே செய்து தா என்று கேட்டார்கள். அது அவளுடைய முதல் பெரிய ஓடர். அது சரிவந்தால் இதையே தொழிலாகச் செய்வேன், பிசகினால் கொழும்பில் ஏதாவது கந்தோரில் வேலைக்குப் போய் இருப்பேன் என்று சொல்லிவிட்டாள். ஓடரை நம்பி, கேக் வேகவைக்க ஒரு பெரிய மின்சாரப் போறணையும் வாங்கினாள்.

போறணையைப் போட்ட முதல் நாளே வீட்டில் பியூஸ் போனது. மாற்றிப் போட்டோம். அடுத்த நாள் மாவடிக்கிற மெஷினைத் தொட்டவள், "சுள்ளெண்டுது அம்மா" என்று கையை உதறினாள். அவள் உதறிவிட்டுத் தன் பாட்டுக்கு முட்டை உடைக்கப் போய்விட்டாள். பதறியது நான்தான்.

அந்தப் பதற்றத்தில் நான் செய்த முதல் பிழை, விஷயத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டது.

அண்ணை கனடாவில், அக்கா லண்டனில், தம்பி ஜேர்மனியில். மூவரில் ஒருவரும் மின்சாரம் படித்தவரில்லை. ஆனால் மூவர் வீட்டிலும் கரண்ட் இருக்கிறது. அந்தத் தகுதியோடு மூவரும் இறங்கினார்கள்.

"தண்ணித் தொட்டிக்குக் கிட்ட இருக்கிற பிளக் எல்லாம் பொத்தான் வைச்சதா இருக்கவேணும். அதுதான் இஞ்சத்தைச் சட்டம்" என்றார் அண்ணை. சொன்னதோடு நிற்காமல், விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பை நிறையப் பிளக் பொயின்ற் கொடுத்தும் அனுப்பிவிட்டார்.

"எடியே, போறணைக்குத் தனிச் சுவிட்ச் வேணும். பெரிசா, சிவப்பா. அது இல்லாட்டி இங்கை வீடே விக்கேலாது" என்றார் அக்கா. நாங்கள் வீடு விற்கிற யோசனையில் இல்லை என்பதை அவர் கேட்கவில்லை.

"அக்கா, ஒவ்வொரு சாமானுக்கும் தனி வயர், தனி பிரேக்கர். இங்கை முட்டை அவிக்கிற மெஷினுக்கும் தனி" என்றான் தம்பி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிரோஜா தாளில் படம் கீறிக் காட்டினாள். "அம்மா, பிரேக்கர் வயரைக் காப்பாத்தும். கனக்கச் சாமான் ஒண்டாப் போட்டு வயர் சூடானா நிப்பாட்டும். ட்ரிப் சுவிட்ச் ஆளைக் காப்பாத்தும். கரண்ட் ஒழுகி எங்களிலை பாய வெளிக்கிட்டா, உடனை நிப்பாட்டும்."

"அப்ப எங்கடை வீட்டிலை எது இருக்கு?"

"ரெண்டும் இல்லை."

அன்றிலிருந்து அவள் குசினிக்குள் போகும்போதெல்லாம் நானும் பின்னால் போனேன். மூவரும் மூன்று சட்டம் சொன்னாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்: கரண்டில் ஒட்டிக்கொண்ட ஆளைக் கையால் தொடக்கூடாது, காய்ந்த தடியால் அடித்துப் பிரிக்கவேண்டும். ஆகவே தும்புத்தடி குசினிக் கதவடியில் நிரந்தரமாகக் குடியேறியது. அதை அங்கிருந்து எடுக்கப் போனவர்களை எல்லாம் நான் முறைத்தேன்.

வயரிங் செய்ய வந்தவர் அளவெட்டியைச் சேர்ந்த ரமணன். கோயில் திருவிழாக்களுக்கு லைற் சோடனை செய்கிறவர். எதைக் கேட்டாலும் "செய்யலாம் ரீச்சர்" என்பார். கனடாப் பிளக் வைக்கலாமோ? "செய்யலாம் ரீச்சர்." லண்டன் சுவிட்ச்? "செய்யலாம் ரீச்சர்." ஜேர்மனிப் பிரேக்கரும், நிரோஜா சொன்ன ட்ரிப் சுவிட்சும்? "அதையும் செய்யலாம்." ஒரு மனுசர் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னால் பயப்படவேண்டும் என்று சரித்திரம் படிப்பிக்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வேலை முடிந்தபோது எங்கள் குசினிச் சுவரில் பச்சையும் சிவப்புமாக அவ்வளவு சின்ன லைற்றுகள் எரிந்தன. இவர் (என் கணவர்) வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தேர் எப்ப வெளிக்கிடுது?" என்று கேட்டார்.

போறணைக்கு எங்கள் பழைய இணைப்புப் போதாது. பெரிய இணைப்புக்கு மாற வேண்டுமானால், வயரிங் சரி என்று ஒரு பொறியியலாளர் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். அவர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். கலியாணம் சனிக்கிழமை. கையெழுத்து வந்தால் புதன் இணைப்பு, வியாழன் கேக். இதற்குள் ஒரு நாள் தவறினாலும் எல்லாம் கெட்டுவிடும். நிரோஜா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாததால் நானும் சாப்பிடவில்லை. இவர் எங்கள் இருவருக்குமாகச் சேர்த்துச் சாப்பிட்டார்.

வந்தவர் கண்ணாடி போட்ட, மரியாதையான இளைஞர். நான் முன்னேற்பாடாக மூன்று நாட்டுக்கும் வீடியோக் கோல் எடுத்து, போனை இவரிடம் கொடுத்திருந்தேன். கனடாவில் விடியவில்லை; அண்ணை கம்பளிப் போர்வைக்குள் இருந்து மேற்பார்வை செய்தார்.

பொறியியலாளர் சுவரைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு தள்ளி நின்று பார்த்தார்.

"அம்மா, இது எந்த நாட்டுக்கு வயரிங் செய்தது?"

"இலங்கைக்குத்தான் தம்பி. ஆலோசனைதான் வெளியிலை இருந்து."

"இந்தப் பொத்தான் வைச்ச பிளக் எல்லாம் கழட்டவேணும். இது நூற்றிருபது வோல்ற்றுக்குச் செய்தது. எங்கடை கரண்ட் இருநூற்றி முப்பது."

"உவருக்கு என்ன தெரியும்?" என்றது கனடா. இவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பைக்குள்ளிருந்தும் அண்ணை தொடர்ந்து கதைத்தார்.

நிரோஜாவின் முகம் வெளிறிப்போனது. "மிச்சத்தையும் பாப்பம்" என்று பொறியியலாளர் கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் போர்ட்டை நோக்கி நடந்தார். இனிமேல் அவருடைய மனதை இளக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மனதை இளக்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தட்டில் தொதல் இருந்தது. ஓடிப்போய் நீட்டினேன்.

"வேண்டாம் அம்மா, இப்பதான் சாப்பிட்டனான்."

"ஒரு துண்டு எடுங்கோ தம்பி. பிள்ளை செய்தது."

"உண்மையா வேண்டாம்."

இரண்டு முறை மறுத்தால் மரியாதைக்கு மறுக்கிறார் என்று அர்த்தம். பெரிய துண்டாகப் பார்த்துக் கையில் வைத்தேன். அவர் வேறு வழியில்லாமல் வாயில் போட்டார். நிரோஜா எனக்குப் பின்னால் நின்று ஏதோ சைகை காட்டினாளாம். அது பாகு முற்றிப்போய், விற்க முடியாது என்று அவள் ஒதுக்கி வைத்த தொதல். அதைக் கடிக்கலாம், கடித்த பிறகு வாயைத் திறக்க முடியாது.

அவர் போர்ட்டில் கை வைத்தார். டக் என்று ஒரு சத்தம். லைற் போனது. மின்விசிறி நின்றது. பிரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது. அவருடைய விரல் போர்ட்டிலேயே இருந்தது. என் பக்கம் திரும்பினார். கண்கள் பெரிதாகி, தலை மேலும் கீழும் ஆடி, மற்றக் கை காற்றில் எழும்பி நடுங்கியது.

"ம்ம்ம்… ம்ம்ம்…" என்றார்.

ட்ரிப் சுவிட்சில் பரிசோதிக்கிற பொத்தான் ஒன்று இருக்கும், அதை அமத்தினால் கரண்ட் நிற்கவேண்டும், நின்றால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம், அவர் "இது சரி அம்மா" என்று சொல்ல முயன்றுகொண்டிருந்தார் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் கண்டது, யாரோ பெற்ற பிள்ளை என் குசினியில் கரண்டில் ஒட்டிக்கொண்டு சாவதை.

"ஐயோ, பிடிச்சிட்டுது" என்றேன்.

"தடியாலை அடியடி" என்றார் லண்டன் அக்கா, இவரின் சட்டைப் பைக்குள்ளிருந்து.

அடித்தேன். முழங்கைக்குக் கீழே விழுந்தது. கை விடுபடவில்லையோ என்ற சந்தேகத்தில் (அவர் வலியில் போர்ட்டை இறுக்கிப் பிடித்துவிட்டார், பாவம்) இன்னொன்றும் போட்டேன். அவர் முற்றத்துக்குப் பாய்ந்தார். உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க நானும் தடியோடு பின்னால் பாய்ந்தேன். மாமரத்தடியில் வைத்துத்தான் தொதல் பல்லை விட்டது.

"அம்மா," என்றார் மூச்சு வாங்கியபடி, "கரண்ட் இல்லை. நிப்பாட்டினதே நான்தான்."

ஆஸ்பத்திரியில் தாதி, கையைப் பார்த்துவிட்டு, "கரண்ட் அடிச்சதோ?" என்று கேட்டார்.

"இல்லை. கரண்ட் அடிக்கேல்லை."

"அப்ப என்ன அடிச்சது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த டெங்கு நுளம்புப் படத்தை அக்கறையோடு பார்த்தேன். "நல்லெண்ணத்திலை பட்ட அடி" என்று இவர் பதில் சொன்னார்.

எலும்பு முறியவில்லை. ஆனால் வலது கையில் கட்டுப் போட்டு, ஒரு கிழமைக்கு அசைக்க வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையெழுத்து வைக்கவேண்டிய கை அது.

நிரோஜா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து பேசாமல் இருந்தவள், வியாழக்கிழமை காலையில் கேக் கலவையைத் தட்டுகளில் ஊற்றி ஓட்டோவில் ஏற்றினாள். பக்கத்து ஊர் பேக்கரிக்காரரிடம் கேட்டிருந்தாளாம். பாண் வெந்து முடிந்தபின் ஆறுகிற விறகுப் போறணைக்குள் அவளுடைய கலியாணக் கேக் போனது. நானும் ஓட்டோவில் ஏறப்போனேன். "நீங்கள் வேண்டாம் அம்மா, அங்கை தடி கனக்கக் கிடக்கு" என்றாள். அதுதான் இரண்டு நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மெல்லிய சூட்டில் நின்று வெந்த கேக் நன்றாகவே வந்தது. பெண்ணின் தாய் ஒரு துண்டை முகர்ந்து, "உதென்ன பிள்ளை, புதுசா ஒரு வாசம்?" என்று கேட்டாராம். புகை வாசம் என்று சொல்லாமல், "அது எங்கடை முறை" என்றாளாம் நிரோஜா. அடுத்த கலியாண ஓடரும் அங்கிருந்தே வந்தது.

கட்டு அவிழ்த்த பிறகு பொறியியலாளர் திரும்பவும் வந்தார். கனடாப் பிளக்குகள் கழற்றப்பட்டிருந்தன. மற்றதெல்லாம் சரி என்று கையெழுத்து வைத்தார். தட்டை நீட்டினேன், இந்த முறை ஒருதரம் மறுத்ததும் நானே தட்டைப் பின்னுக்கு எடுத்துவிட்டேன். போகும்போது நிரோஜாவிடம், "மாதத்துக்கு ஒருக்கா அந்தப் பொத்தானை அமத்திப் பாக்கவேணும் தங்கச்சி. அம்மா வீட்டிலை இல்லாத நேரம் பாத்துச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் நான் எப்போதும் வீட்டில்தான் இருக்கிறேன். ஆகவே மாதா மாதம் ஒரு சடங்கு நடக்கிறது. இவர் முற்றத்தில் ஒரு கதிரை போட்டு என்னை இருத்துவார். மூன்று நாட்டுக்கும் கோல் போகும். "ரெண்டு கையையும் காட்டு பிள்ளை" என்பார் அண்ணை. காட்டுவேன். உள்ளே டக் என்று கேட்கும். பிரிட்ஜ் அடங்கும். ஒரு கணம் வீடு முழுக்க அமைதி.

பிறகு உள்ளேயிருந்து என் மகள், "ம்ம்ம்… ம்ம்ம்…" என்பாள்.

கனடாவும் லண்டனும் ஜேர்மனியும் விழுந்து விழுந்து சிரிக்கும். இவரும் சிரிப்பார். அது நடிப்பென்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் நான் கதிரையை விட்டு எழும்பி, குசினி வாசல் வரைக்கும் ஓடிவிடுகிறேன்.