எழுநூற்று எண்பத்திரண்டு வாட் மிச்சம்

எனக்கு எண்ணத் தெரியும், பார்க்கத் தெரியாது. இதை நானே ஒப்புக்கொள்வதற்கு எழுபத்தொரு வயது ஆகியிருக்கிறது. என் மனைவி பத்மா கல்யாணமான முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறாள். மாதுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு ஐம்பத்திரண்டு படி, ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு முப்பத்தெட்டு. படியை எண்ணிக்கொண்டு ஏறுகிறவன் எதிரே யார் இறங்கி வருகிறார்கள் என்று கவனிப்பதில்லை. (இதனால் இதுவரை மூன்று பேர் என்னோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். அதையும் எண்ணி வைத்திருக்கிறேன்.)

இப்படிப்பட்ட ஒருவனிடம் பட்டுப்புடவைக் கடைக்கு விளக்கு வாங்கும் பொறுப்பை யாராவது கொடுப்பார்களா? என் மச்சினன் ரமணி கொடுத்தான்.

ஏழு வருஷம் முன்பு நடந்தது. நான் அப்போது எங்கள் வீட்டின் பதினோரு பல்புகளையும் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டு, ஏதோ நானே அதைக் கண்டுபிடித்ததுபோல் மாதுங்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். காய்கறி வாங்க வந்தவர்களை நிறுத்தி வைத்து வாட் கணக்குச் சொன்னேன். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக்கூட நிற்காமல் எழுந்து போனார்.

ரமணியின் கடை மார்க்கெட் பக்கம், இருபத்தைந்து வருஷப் பழக்கம் உள்ள கடை. பதினாறு ட்யூப்லைட், அவை தவிர சுவரோரம் பத்து மஞ்சள் ஹாலஜன் விளக்கு. அந்த ஹாலஜனுக்குக் கீழே புடவையைப் பிரித்தால் ஜரிகை தீப்பிடித்ததுபோல் இருக்கும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

"அத்திம்பேர், லைட்டெல்லாம் மாத்தணும். எதிர்க் கடையில ஏ.சி. போட்டுட்டான். இங்க கஸ்டமர் வேர்த்துக் கொட்டிண்டு உக்காந்திருக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை செம்பூர் மங்களம் மாமி வரா, பிள்ளை கல்யாணத்துக்கு. கூறைப்புடவை, அப்பறம் சம்பந்தி, நாத்தனார், ஓர்ப்படின்னு இருபத்தேழு புடவை. அது கை விட்டுப் போனா எனக்கு இந்த வருஷமே போச்சு" என்றான் ரமணி.

"என்கிட்ட விடு" என்றேன். மனித வரலாற்றில் பெரிய நாசங்கள் பலவும் இந்த இரண்டு சொற்களில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

காட்கோபரில் ஒரு மின்சாதனக் கடைக்குப் போனேன். எல்.இ.டி. அட்டைப்பெட்டியின் மேல் எண்கள் அச்சடித்திருக்கும். வாட் என்பது அது தின்னும் மின்சாரம். லூமன் என்பது பதிலுக்கு அது தரும் வெளிச்சம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் சாயல்: மூவாயிரம் என்றால் மஞ்சள், நாலாயிரம் நடுத்தரம், ஆறாயிரத்து ஐந்நூறு நீலம் கலந்த வெள்ளை. கடைசியாக, எறும்பு எழுதியதுபோல் ஓர் ஓரத்தில் சி.ஆர்.ஐ. என்று ஒன்று. அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது. சூரியனுக்கு நூறு. இதெல்லாம் எனக்கு இன்று தெரியும். அன்று நான் லூமனை வாட்டால் வகுத்தேன். வகுத்தால் விடை வருகிற எண்களை மட்டுமே நான் நம்புவேன்.

ஒரு வகை விளக்கு, வாட்டுக்கு நூறு லூமன். சி.ஆர்.ஐ. தொண்ணூறு. இன்னொன்று, வாட்டுக்கு நூற்று முப்பது. சி.ஆர்.ஐ. எழுபது. நூற்று முப்பது, நூறைவிடப் பெரியது. முடிவு எடுக்க எனக்கு நான்கு விநாடி ஆனது.

கடைக்காரக் குஜராத்திப் பையன் நல்லவன். "கிஸ் கே லியே, அங்கிள்?" என்று கேட்டான். எதற்கு என்று சொன்னேன். உடனே பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சாடி கி துகான்? தோ யே மத் லோ. கலர் நஹி ஆயேகா."

புடவைக் கடைக்கு இது வேண்டாம், நிறம் சரியாக வராது என்று அந்தப் பிள்ளை தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த நூறு லூமன் விளக்கை என் தலையில் தள்ளிவிடப் பார்க்கிறான். முப்பத்தாறு வருஷம் ஆபீசில் ஃபைல் பார்த்தவனிடமா! பெட்டியைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். பதினெட்டு வாட் ட்யூப் பதினாறு, ஏழு வாட் விளக்கு பத்து. முன்பு ஆயிரத்து நூற்று நாற்பது வாட், இனி முந்நூற்று ஐம்பத்தெட்டு. எழுநூற்று எண்பத்திரண்டு வாட் மிச்சம். டாக்சியில் திரும்பும்போது டிரைவரிடமும் சொன்னேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தான். ஜூலை மாதம், மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பழைய விளக்குகளை உடனே டெம்போவில் ஏற்றி அனுப்பிவிடச் சொன்னேன். (அப்படியே செய்தான். நான் சொல்லி ஒருவர் உடனே கேட்டது அந்த வருஷத்தில் அது ஒரு தடவைதான்.) பத்தே காலுக்கு ஸ்விட்சைப் போட்டோம்.

கடை வெளுத்தது. ஜரிகை தகரமாகியது. கடையில் புடவை காட்டும் செல்வி, தாராவியிலிருந்து வருகிறவள், மேலே பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன சார் இது, பொணவறை மாதிரில்லா இருக்கு?"

"வெளிச்சம் எவ்வளவு ஜாஸ்தி பார்த்தியா?" என்றேன்.

"வெளிச்சம் இருக்கு சார். புடவையத்தான் காணல."

பதினோரு மணிக்கு மங்களம் மாமி வந்தாள். கூடவே கல்யாணப் பெண் வித்யா, அவள் அம்மா. மாமி மெத்தையில் உட்கார்ந்து, எதிரே உட்கார்ந்த வருங்கால மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றது.

"ஏண்டி கொழந்தே, ரத்தம் கித்தம் கம்மியா? போன மாசம் பாத்தப்போ நன்னாத்தானே இருந்தே?"

பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளிறியது. (அது விளக்கின் வேலையா, அதிர்ச்சியா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.) ரமணி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மின்சார மிச்சத்தைப் பற்றிப் பேசினால் நிலைமை சீராகும் என்று நினைத்தேன்.

"மாமி, இது புது லைட். வாட்டுக்கு நூத்தி முப்பது லூமன்..."

"எனக்கு லூமன் வேண்டாம் மாமா. அரக்கு வேணும்."

அரக்கு என்றால் அரக்குதான். எங்கள் ஜனங்களில் கூறைப்புடவை ஒன்பது கெஜம், அந்தச் சிவப்பு. கொஞ்சம் கறுத்தாலும் அபசகுனம் என்பார்கள். ரமணி காஞ்சிபுரத்திலிருந்து தனியாக வரவழைத்திருந்த புடவையைப் பிரித்தான். என் விளக்குகளுக்குக் கீழே அது ஊறவைத்த புளியின் நிறத்தில் கிடந்தது.

"ரமணி, இதையா அரக்குங்கறே?"

"மாமி, அசல் அரக்கு. வாசல்ல கொண்டுபோய்ப் பாருங்கோ."

புடவை வாங்குகிற எந்தப் பெண்ணும் கடைக்குள் இருக்கும் வெளிச்சத்தை நம்புவதில்லை. தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள். அரை நூற்றாண்டாகப் பத்மா இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், கால் வலியோடு காத்திருந்திருக்கிறேன், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மாமி வாசலுக்குப் போனாள். ஆனால் மழைக்காக வாசலுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதன் அடியில் புடவை கத்தரிக்காய் ஆகிவிட்டது.

மாமி தார்ப்பாயைத் தாண்டி ஒரு முனையை மட்டும் மழையில் நீட்டிப் பார்த்தாள். அங்கே அது சிவப்பு.

திரும்பி வந்து புடவையை மெத்தையில் போட்டாள்.

"உள்ள புளி, வாசல்ல கத்திரிக்கா, தெருவில அரக்கு. ஒரு புடவை மூணு கலர் காட்டறது. சாயம் ஏத்தினதா? இருபது வருஷமா உன்கிட்ட வாங்கறேன் ரமணி, என்கிட்டயே இப்படியா?"

எதிர்க் கடையின் கண்ணாடிக் கதவு இங்கிருந்தே பளபளவென்று தெரிந்தது. மாமி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

அப்போது நான் செய்ததை இன்றும் எண்ணினால் உடம்பு கூசுகிறது. "மாமி, தப்பு புடவை மேல இல்லை, உங்க கண் இந்த வெளிச்சத்துக்குப் பழகலை. ஒரு பத்து நிமிஷம் பாத்துண்டே இருங்கோ, சரியாப் போயிடும்" என்றேன்.

"அத்திம்பேர், கையெடுத்துக் கும்பிடறேன், வாயத் தொறக்காதீங்கோ" என்றான் ரமணி.

செல்விதான் நகர்ந்தாள். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தாள். பிறகு ஸ்டூலில் ஏறித் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தாள். மேலே தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் என் மேல் விழுந்தது. (திட்டமிட்டதல்ல என்கிறாள். நம்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.) மழை தூறலாகக் குறைந்திருந்தது. மெத்தையை இழுத்து நடைபாதை ஓரமாகப் போட்டாள்.

"மாமி, சூரியன் பொய் சொல்லாதுல்லா? இங்கன உக்காருங்க. ஒவ்வொண்ணா காட்டுதேன். சார், நீங்க குடையப் பிடிங்க."

பிடித்தேன். ஒரு கையில் மாமிக்கு, ஒரு கையில் புடவைகளுக்கு. நான் நனைந்துகொண்டே நின்றேன், எனக்கு மூன்றாவது கை இல்லாததால். புடவைகள் ஒவ்வொன்றாக நடைபாதைக்கு வந்தன. மார்க்கெட்டுக்குப் போகிறவர்களெல்லாம் நின்றார்கள். பூக்கார அம்மாள் பச்சை வேண்டாம் என்றாள். இளநீர்க்காரர் "லால் வாலா அச்சா ஹை" என்று சிவப்பை வெட்டுக்கத்தியாலேயே சுட்டிக் காட்டினார். யாரோ ஒரு பெரியவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு மாம்பழக் கலருக்காக வாதாடினார். வித்யாவின் முகத்தில் இயற்கையான ரத்தம் திரும்பியிருந்தது. மாமி அதைக் கவனித்து, கன்னத்தைத் தொட்டு, "அப்பாடா" என்றாள். இரண்டு மணி நாற்பது நிமிடம். கூறையோடு சேர்த்து இருபத்தெட்டு புடவை.

கிளம்பும்போது மாமி என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, எவ்வளவு மிச்சம்னேள்?"

"எழுநூத்தி எண்பத்திரண்டு வாட்."

"இன்னிக்குப் பூரா அணைச்சே வெச்சிருந்தோமே. மொத்தமும் மிச்சம்!"

மறுநாளே ரமணி காட்கோபருக்குப் போய் அந்தக் குஜராத்திப் பையனிடமே தொண்ணூறு சி.ஆர்.ஐ., நாலாயிரம் கெல்வின் விளக்கு வாங்கிவந்து மாட்டினான். கழற்றிய இருபத்தாறும் எங்கள் வீட்டுக்கு வந்தன. எரிகிற பொருளைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. கூடம், சமையலறை, கண்ணாடி இருக்கும் அறை என்று எல்லா இடத்திலும் அவற்றையே மாட்டினேன். இருபத்தைந்தாயிரம் மணி நேரம் உழைக்கும் என்று பெட்டி சொன்னது. தினம் ஐந்து மணி என்றால் பதின்மூன்று வருஷம் எட்டு மாதம். ஏழு வருஷம் முடிந்தது. ஒன்றாவது ஃப்யூஸ் ஆக வேண்டாமா? இல்லை. தரமான சரக்கு.

போன மாதம் ஒருநாள் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தேன். முகம் சாம்பல், உதடு நீலம். மூன்று நாள் தூக்கமில்லை. "ஏன்னா, மூஞ்சிய வெளியில எடுத்துண்டு போய்ப் பாருங்கோ" என்று பத்மா சொன்னாள். கேட்காமல் அவளையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய் நான்கு வகை ரத்தப் பரிசோதனை எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"வெளுத்திருக்கேள்னு யார் சொன்னா?" என்று கேட்டார் டாக்டர்.

"கண்ணாடி."

டாக்டரின் மனைவி புடவை வாங்குவது ரமணியின் கடையில். அவர் எழுந்தார். என் தோளைப் பிடித்து ஜன்னலுக்கு நடத்திப் போனார். முகவாயைத் தூக்கி வெயிலில் இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார். பிறகு பத்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"கெட்டிச் சாயம் மாமி. தைரியமா ஆத்துக்கு எடுத்துண்டு போங்கோ."