எண்ணெய்க்குச் செல்லாத சீட்டு

ஆவாரங்கோட்டை என்றொரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. அங்கேயும் மழை பெய்தது, பிள்ளை பிறந்தது, விலை ஏறியது. அகண்டகீர்த்தி மகாராஜா ஆண்டுவந்தார். ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தல் வைப்பார். தாமே வெல்வார். பதவி வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிடுவார். பிறகு மக்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஏற்றுக்கொள்வார்.

அந்த நாட்டில் செங்கமலம் என்று ஒருத்தி. அவள் மகள் தையல்நாயகி தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்து பெண்குழந்தை பெற்றிருந்தாள். குழந்தை நன்றாகத்தான் வீறிட்டது, பால்தான் போதவில்லை. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "உடம்பு காஞ்சு கிடக்கு. லேகியம் கிண்டிக் குடு, பால் தானா ஊறும்" என்று சொல்லிப்போனாள். சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் இடித்துச் சலித்தாயிற்று. கருப்பட்டியும் இருந்தது. நல்லெண்ணெய்தான் இல்லை. நல்லெண்ணெய் விடாமல் லேகியம் கிண்டினால் முக்கால்வாசி சட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பெற்றது சட்டியா, மகளா? ஆக, செங்கமலத்துக்கு வேண்டியது ஒரு செம்பு நல்லெண்ணெய். இந்தக் கதை முழுக்க அவள் கேட்கப்போவது அது ஒன்றைத்தான்.

ஒரு காலத்தில் அதற்கு அவள் எதிர்க்கடைக்குப் போயிருப்பாள். இப்போது எதிர்க்கடை இல்லை. மக்கள் விலைவாசியால் வாடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட மகாராஜா, மனம் உருகி, எல்லாச் சரக்குக்கும் கால்பங்கு தள்ளுபடி தரும் சலுகைச் சீட்டை வீடுவீடாக அனுப்பியிருந்தார். தள்ளுபடி தருவதற்குத் தோதாக முந்தின நாள் விலையை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். சீட்டை ஏற்காத கடைகள் மக்கள் நலனுக்கு விரோதமானவை என்று பூட்டப்பட்டன. ஊருக்கு ஊர் மிஞ்சியது அரண்மனைப் பலசரக்கு அங்காடி ஒன்றுதான். அங்கே சீட்டு இல்லாமல் உப்புக்கல் கூட நகராது.

சீட்டில் இரண்டு பாதி. மேல்பாதியில் மகாராஜாவின் சிரித்த முகம். கீழ்ப்பாதியில் சரக்கின் பெயரும், அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி நிபந்தனைகளும். கல்லாவில் சீட்டை நீட்டியதும் முகம் உள்ள பாதியைக் கிழித்து, அங்கிருக்கும் பித்தளைப் பெட்டியில் கொடுத்தவர் கையாலேயே போட வேண்டும். சீட்டு செல்லாததாக இருந்தாலும் போட்டே ஆக வேண்டும். மகாராஜாவின் முகம் தெருவில் கிடந்து மிதிபடலாமா? மரியாதை என்று ஒன்று இல்லையா? அந்த ஊர் வழக்கம் அது. யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

செங்கமலம் எண்ணெய்ச் சீட்டோடு போய் நின்றாள். கல்லாவில் சிற்றம்பலம் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துடைப்பம் எங்கம்மா?"

"துடைப்பமா? எனக்கு எண்ணெய்தாங்க வேணும்."

"ரெண்டு துடைப்பம் எடுத்தாத்தான் எண்ணெய்ச் சீட்டு செல்லும். கீழே போட்டிருக்கே, படிக்கலியா?"

நாட்டின் ஒரே துடைப்பத் தொழிற்சாலை மகாராஜாவின் மைத்துனருடையது என்பதற்கும் இந்த நிபந்தனைக்கும் சம்பந்தமில்லை என்று அரசிதழில் விளக்கம் வந்திருந்தது. செங்கமலம் முகத்தைக் கிழித்துப் பெட்டியில் போட்டாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

அடுத்த சீட்டு வந்ததும் மறக்காமல் இரண்டு துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். சிற்றம்பலம் துடைப்பத்தைப் பாராட்டினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"இது செவ்வாய்க்கிழமை மட்டும் செல்லுற சீட்டும்மா."

"சரிங்க, செவ்வாய்க்கிழமை வரேன்."

"செவ்வாய்க்கிழமை அங்காடி லீவு."

"அப்ப இதை என்னைக்குத்தாங்க மாத்துறது?"

"அது சீட்டைப் பொறுத்த கேள்வி. நான் அங்காடியைப் பொறுத்தவன்" என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல். "முகத்தைப் பெட்டியில போட்டுட்டுப் போங்க. துடைப்பத்துக்குப் பணம் அந்தப் பக்கம்."

வீட்டில் குழந்தை விரலைச் சப்பிச் சப்பி அழுதது. தையல்நாயகி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செங்கமலம் மகளுடைய சீட்டையாவது கொண்டுபோய்ப் பார்க்கலாமென்று போனாள். கட்டிக்கொடுத்த பெண்ணின் சீட்டு புருஷன் ஊர் அங்காடியில்தான் செல்லும், அதுவும் அவளே நேரில் வர வேண்டும் என்றார்கள். மூன்றாவது முகமும் பெட்டிக்குள் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரில் யாரும் ராஜாவைத் திட்டவில்லை. "நமக்குத்தான் விதி புரியலை" என்று தங்களையே நொந்துகொண்டார்கள். விதி தெரிந்தவன் தெரியாதவனைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மக்களின் அறியாமையைப் போக்க விதி விளக்கக் கூட்டம் ஒன்று நடந்தது. சலுகைத் துறை அமைச்சர் நயசிகாமணி மாலையும் கழுத்துமாக மேடையேறினார்.

"அன்பார்ந்த மக்களே! சலுகையைப் பெறுவது எளிது. பெற முடியாமல் போவதற்குக் காரணம் அவசரம். ஒரு குடும்பத்துக்கு ஒரு சலுகைதான். ஒரு சலுகையோடு இன்னொன்றைச் சேர்க்க முடியாது. இந்த இரண்டையும் மனதில் நிறுத்தினால் வாழ்க்கையில் துன்பமே இல்லை!"

செங்கமலம் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "ஐயா, துடைப்பம் வாங்கினா அதுக்கும் ஒரு சலுகை போட்டுக் குடுக்கிறாங்க. அப்புறம் எண்ணெய் கேட்டா, ரெண்டு சலுகை சேராதுங்கிறீங்க. துடைப்பம் வாங்காமப் போனா எண்ணெய்ச் சீட்டே செல்லாதுங்கிறாங்க. நான் எப்படித்தாங்க வாங்குறது?"

நயசிகாமணி அவளைக் கனிவோடு பார்த்தார். "பாருங்கள், இந்த அம்மையார் விதியை எவ்வளவு அழகாகப் புரிந்துகொண்டிருக்கிறார்! இவருக்கு ஒரு கைதட்டல்!"

எல்லோரும் தட்டினார்கள். செங்கமலத்துக்கு ஒரு துடைப்பம் பரிசாகக் கிடைத்தது.

அந்த வாரமே தேர்தல் வரவேண்டியது. தேர்தல் வரவில்லை, முடிவு வந்தது. மகாராஜா இதுவரை காணாத வாக்கு வித்தியாசத்தில் வென்றுவிட்டதாகத் தமுக்கடித்துச் சொன்னார்கள். செங்கமலம் நேரே அங்காடிக்குப் போனாள்.

"நான் எப்பங்க ஓட்டுப் போட்டேன்?"

சிற்றம்பலம் பித்தளைப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "உங்க கையாலேயே போட்டீங்களேம்மா. மூணு தடவை."

"அதெல்லாம் செல்லாத சீட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எண்ணெய்க்குச் செல்லாது. ஓட்டுக்குச் செல்லும்."

"ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான்னாங்களே?"

"அது சலுகைக்கு. விசுவாசத்துக்கு ஏதும்மா உச்சவரம்பு?"

செங்கமலத்துக்கு அழுகைதான் வந்தது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டு நடந்தாள்.

வெற்றியைக் கொண்டாட நயசிகாமணி ஒரு யோசனை சொன்னார். பதவியேற்பு நாளில், பொழுது சாயும் நேரம், மகாராஜா மாடத்தில் வந்து நிற்கும்போது ஊரில் ஒவ்வொரு வாசலிலும் விளக்கு எரிய வேண்டும். அதற்கான நல்லெண்ணெயை அரண்மனையே வீட்டுக்கொரு செம்பு வீதம் இலவசமாகத் தரும். நேரம் குறைவாக இருந்ததால் சீட்டு அச்சடிக்கவில்லை. அரண்மனை வாசலில் அண்டா அண்டாவாக எண்ணெய் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றினார்கள். நிபந்தனை எதுவும் இல்லாததைக் கண்டு சிலர் பயந்துபோய் வாங்காமலே திரும்பினார்கள். செங்கமலம் வாங்கினாள்.

பொழுது சாய்ந்தது. மகாராஜா மாடத்துக்கு வந்து ஊரைப் பார்த்தார். ஒரு வாசலிலும் விளக்கு இல்லை.

"விளக்குகள் எங்கே?"

"மக்கள் உள்ளத்தில் எரிகின்றன, அரசே" என்றார் நயசிகாமணி.

மகாராஜா மூச்சை இழுத்து முகர்ந்தார். "ஏதோ தாளிக்கிற வாசனை வருகிறதே?"

நயசிகாமணி உடனே ஒரு காவலனை விரட்டினார். அவன் முதலில் தட்டிய கதவு செங்கமலத்தினுடையது. கையில் கரண்டியோடு வந்தாள்.

"ஏம்மா, வாசல்ல விளக்கைக் காணோம்?"

 அவள் வாயில் வந்ததென்னவோ இத்தனை நாளாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சுதான்.

"ஒரு வீட்டுக்கு ஒரு தீதாங்க. அடுப்பு எரியற வீட்டுல விளக்கும் சேர்த்து ஏத்த முடியாது. ஒண்ணோட ஒண்ணு சேராதில்ல?"

"அப்படியா? எனக்கு யாரும் சொல்லலியே."

"கூட்டத்துல விளக்கினாங்களே. நீங்க வரலியா?"

காவலன் விழித்தான். இப்படி ஒரு விதியை அவன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஆவாரங்கோட்டையில், கேள்விப்படாததனால் ஒரு விதி இல்லாமல் போய்விடாது. தனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று தலையாட்டினான்.

"லேகியமா கிண்டுறீங்க?"

"ஆமாங்க. பேத்தி பொறந்திருக்கா."

அவன் அடுத்த வீட்டுக்குப் போனான். அந்த வீட்டு ரஞ்சிதம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வாயில் வடையோடு அதே விதியைச் சொன்னாள். அதற்கடுத்த வீட்டில் அவன் கேட்பதற்கு முன்பே சொன்னார்கள். அவன் ஓடிப்போய் அமைச்சரிடம் ஒப்பித்தான்.

"ஒரு வீட்டுக்கு ஒரு தீதானாம், ஐயா. அடுப்பும் விளக்கும் சேராதாம். விதியாம்."

நயசிகாமணி யோசித்தார். இதை எழுதிய ஞாபகம் இல்லை. ஆனால் அச்சு அசலாகத் தம்முடைய நடையிலேயே இருந்தது. வேறு யாருக்கு இப்படி எழுத வரும்? சந்தேகமே இல்லை, நாம்தான் எழுதியிருக்கிறோம் என்று முடிவுகட்டி, அதை ஒரு தாளில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, அரண்மனை முத்திரையையும் குத்தினார்.

அப்போது அரண்மனை மடைப்பள்ளியில் பதவியேற்பு விருந்துக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விதி எல்லோருக்கும் பொது என்பதால் சேவகர்கள் கொலுமண்டபத்து விளக்குகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார்கள். மகாராஜா பதவி வேண்டாமென்று இருட்டில் கும்பிட்டார். அது யாருக்கும் தெரியவில்லை; ஆகவே யாரும் வற்புறுத்தவில்லை.

செங்கமலம் வீட்டில் லேகியம் சட்டியில் ஒட்டாமல் திரண்டு வந்தது. ஓர் உருண்டை உருட்டி, ஆறவைத்து, மகளின் வாயில் ஊட்டினாள்.