நாலடி ஆழத்தில் விளையாட்டுப் பீரியட்

ரேடார் திரையில் கவிழ்த்த கூடை மாதிரி ஒரு வளைவு எழுந்ததும் ஜெயசீலனுக்கு வேர்த்துவிட்டது. வேப்பமரத்திலிருந்து ஆறு தப்படி, சுற்றுச்சுவரிலிருந்து மூன்று தப்படி. அதே இடம்.

கடலூர் முதுநகரில் அவன் எட்டாவது வரை படித்த பள்ளி அது. நூறு வருஷம் தாண்டிய வளாகம் என்பதால், புதுக் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டுமுன் மண்ணுக்குள் பழைய சின்னம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து, மண்ணுக்குள் பார்க்கும் ரேடார் வண்டியோடு வந்து தள்ளிக்கொண்டிருந்தான். காலைப் பிரேயரில்தான் சிஸ்டர் பெலிசியா, "பூமிக்குள்ள இருக்கறத பாக்கற விஞ்ஞானி, நம்ம ஸ்கூல் புள்ள" என்று அவனைக் காட்டிப் பெருமைப்பட்டிருந்தார். அவன் படித்தபோது தலைமையாசிரியை, இன்று தாளாளர்.

அந்த விஞ்ஞானி, முப்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளி மணியைத் திருடிப் புதைத்தவன். மணி என்றால் ஒரு முழத் தண்டவாளத் துண்டு. அது அடிக்காவிட்டால் விளையாட்டுப் பீரியட் முடியாது என்பது அவனுடைய முதல் கண்டுபிடிப்பு. ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியால் குழி பறித்தான். அன்றைக்குப் பொழுது சாயும்வரை கபடி ஆடினார்கள். அப்படி ஒரு சாயங்காலம் பிறகு அவனுக்கு வாய்க்கவே இல்லை. ஆனால் மணியடிக்கும் தைரியராஜ் மூன்று நாள் சிஸ்டர் முன்னால் கைகட்டி நின்றார். அதை நினைத்தால் இப்போதும் அவனுக்குச் சோறு இறங்காது.

"என்னப்பா தெரியுது?" என்றார் சிஸ்டர்.

"பழைய பைப்பு சிஸ்டர். ஒண்ணுமில்ல."

பைப் என்றால் எடுத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று சிஸ்டர் கடப்பாரைக்கு ஆள் அனுப்பினார்.

பதறிப்போனவன், பைப் இல்லை, பழங்காலத்துப் பொருள், யாரும் கைவைக்கக் கூடாது என்று மாற்றிச் சொன்னான். பீரங்கி கிடைத்திருக்கிறது என்று துறைமுகம் வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. மத்தியானத்துக்குள் பங்குச் சாமியார் வந்தார், தாசில்தார் வந்தார், பாதி ஊர் மதிலேறியது. எல்லார் முன்னிலையிலும் தோண்டச் சொன்னார் தாசில்தார்.

ஜெயசீலன் திரையில் ஆழத்தைப் பார்த்தான். நாலடி. அவன் ஒரு சாணுக்கு மேல் தோண்டவில்லையே! அப்படியானால் இது வேறு ஏதோ என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டான்.

வந்தது தண்டவாளத் துண்டுதான்.

கூட்டம் சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. ரிட்டயர் ஆகியும் பழக்கம் விடாமல் தினமும் வந்து வாசல் பெஞ்சில் உட்காரும் தைரியராஜைத் திரும்பிப் பார்த்தார். அதே பழைய பார்வை. ஜெயசீலனால் அதைத் தாங்க முடியவில்லை.

"அண்ணன் இல்ல சிஸ்டர். நாந்தான் பொதச்சேன். கேம்ஸ் பீரியட் முடியக் கூடாதுன்னு."

தைரியராஜ் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். துருவேறிய துண்டைத் தடவிப் பார்த்தார்.

"நீ பொதச்சத நான் பாத்தேன் தம்பி, ஒரு சாண்தான், மறுநா மழையிலயே வெளிய தெரிஞ்சிருச்சு, சிஸ்டர் கண்ணுல பட்டா ஒனக்கு டி.சி. குடுத்துருவாங்கன்னு நாலடிக்கு எறக்குனது நாந்தான்."