லிஸ்பனுக்கு ஒன்றரை மணி நேரம்

வீட்டில் ஒருவனுக்கு மட்டும் நெட் பார்க்கத் தெரிந்தால், அவன் சொல்வதை யாரும் சரிபார்க்க மாட்டார்கள். எங்கள் பாகூர் வீட்டில் அந்த ஒருவன் நான்தான். (கல்லூரி இரண்டாம் ஆண்டு. அறிவு வழிந்து கீழே சிந்திக்கொண்டிருந்த காலம்.)

கல்யாணமாகிப் பாரீஸ் போன மலர் அக்கா, அன்று ஒரு வேலைக்கான நேர்காணலுக்காக லிஸ்பன் கிளம்பினாள். தனியாக விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை. "காலைல ஒம்போதுக்குக் கெளம்பி பத்தரைக்கு எறங்கிடுவேன். எறங்குன ஒடனே போன் பண்றேன்" என்று சொல்லியிருந்தாள்.

"ரொம்ப தூரமாடா?" என்றாள் அம்மா.

தட்டிப் பார்த்தேன். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். "நம்மூர்லேர்ந்து டெல்லி இதவிட தூரம்மா. இது ஒன்றரை மணி நேரந்தான்" என்றேன். அதே பக்கத்தில் பறக்கும் நேரமும் போட்டிருந்தது. பத்தரையிலிருந்து ஒன்பதைக் கழிக்கத் தெரிந்தவனுக்கு அதெல்லாம் எதற்கு?

நம்மூர்க் கணக்கில் மதியம் இரண்டுக்கு அவள் இறங்க வேண்டும். இரண்டேகால் ஆனது. போன் வரவில்லை. நான் அழைத்தேன். சுவிட்ச் ஆஃப். இரண்டரை வரை விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னாடா, மூஞ்சே சரியில்ல?"

"எறங்க வேண்டிய ஃப்ளைட்டு இன்னும் எறங்கலம்மா."

அவ்வளவுதான் சொன்னேன். அம்மா கையிலிருந்த சோற்றுக் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அத்தை ஜெபமாலையோடு ஓடி வந்தார். நடவு வயலிலிருந்து அப்பா முழங்கால் சேற்றோடு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததும் நானும் விம்மி விம்மி அழ ஆரம்பித்தேன். பெரியப்பா மட்டும் நிதானமாக இருந்தார். "கூட்டம் வரும்பா, வெயிலு வேற" என்று ஷாமியானாக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

வாசலில் இரண்டு கம்பு நட்டாகிவிட்டது. மூன்று மணி தாண்டி என் போன் அலறியது. வீடியோ கால். அக்கா!

அவள் சிரித்தபடிதான் வந்தாள். என் அழுத முகம், பின்னால் தலைவிரிகோலமாய் அம்மா, ஜெபமாலை, வாசலில் ஷாமியானாக் கம்பு. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"டேய், அப்பாவுக்கு இன்னாடா ஆச்சு?" என்று விமான நிலையத்திலேயே கதற ஆரம்பித்தாள்.

அப்பா பாய்ந்து போனைப் பிடுங்கினார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீதான் போய்ட்டன்னு அழுவுறோம்!"

"நான் எங்க போனேன்? சரியான டைமுக்குத்தான எறங்கினேன்!"

"ஒரு மணி நேரம் லேட்டு" என்றேன், அப்போதும் விடாமல்.

"லூசு! லிஸ்பன்ல பாரீஸவிட ஒரு மணி நேரம் கொறச்சல்டா. டிக்கெட்ல அந்தந்த ஊரு மணியத்தான் போடுவான். ரெண்டரை மணி நேர ஃப்ளைட்டுடா இது!"

எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. ஷாமியானாக்காரர் வாசலிலிருந்து மெதுவாகக் கேட்டார்: "அப்ப கம்ப புடுங்கிடட்டா?"

வீங்கிய கண்ணோடுதான் அக்கா நேர்காணலுக்குப் போனாள். வேலை கிடைத்துவிட்டது. அவள் பிழைத்தாள், நான்தான் இன்றுவரை பிழைக்கவில்லை. போன வருஷம் என் கல்யாணத்தில் ஐயர் முகூர்த்த நேரத்தைச் சொன்னதும், பெரியப்பா மண்டபமே கேட்கும்படி எழுந்து நின்று கேட்டார்:

"இது பாகூர் மணியா, லிஸ்பன் மணியா? மாப்ளய கேட்டுச் சொல்லுங்கப்பா!"

முதலில் சிரித்தது மணப்பெண்தான். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று இன்னும் தெரியவில்லை.