லூயிஸ் வீட்டு மூன்று ரேடியோக்கள்

சாப்பாட்டு மேசையை மூன்று ரேடியோக்கள் பிடித்துக்கொண்டதால், லூயிஸின் மனைவி கெர்ட்ரூட் சில நாள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிலிம் ரிவர் தோட்டத்தில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க. அப்ப வாரேன்," என்றாள்.

முடிவு பண்ணுவது லேசான காரியமில்லை. லூயிஸ் தன் வாழ்நாளில், எல்லோரும் வாங்குவதை வாங்கியதே இல்லை. அவர் கல்யாணத்துக்கு அக்கா பியாட்ரிஸ் பேர்போன கம்பெனி ரேடியோ ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள். இது எல்லார் வீட்டிலும்தானே இருக்கிறது என்று சொல்லி, லூயிஸ் அதைத் திருப்பிக் கொடுத்தார். அக்கா அடுத்த பஸ்ஸிலேயே தன் ஊரான சித்தியவானுக்குப் போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. பிள்ளைகள் பிறந்தபோதும் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது, 1981 டிசம்பரில், அவளே கோபத்திலிருந்து இறங்கி வந்திருந்தாள். புத்தாண்டு காலை எட்டு மணிக்கு ரேடியோ நேயர் விருப்பத்தில் தம்பிக்கு ஒரு பாட்டு கேட்டிருப்பதாகவும், மத்தியானம் ஈப்போவில் அவன் வீட்டுக்கு வருவதாகவும், வந்ததும் என்ன பாட்டு என்று கேட்கப்போவதாகவும் ஆள்மூலம் சொல்லி அனுப்பினாள். பதில் தெரியாவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவாள். இதில் லூயிஸுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அப்போது வீட்டில் ரேடியோ இல்லை. கடைத்தெருவில் ரேடியோக் கடை முதலாளியான ஒரு சீன தவுக்கே, யாருமே வாங்காத மூன்று பெட்டிகளைப் பரீட்சை பார்க்கக் கொடுத்தார். ஹங்கேரியிலிருந்து வந்த 'பலாட்டா' கனமானது. அது சூடேறிப் பேசுவதற்குள் கோப்பி கலக்கிக் குடித்துவிடலாம். தைவானின் 'மூன்று ஆடு' உடனே பேசும். பேசிக்கொண்டே பக்கத்து நிலையத்துக்கு நகர்ந்துவிடும். 'விக்டோரியஸ்' எந்த நாட்டுச் சரக்கு என்று தவுக்கேவுக்கே தெரியவில்லை. அதில் பாடும் எல்லோருக்கும் ஜலதோஷம்.

லூயிஸ் மாதம் முழுக்க ஒப்பிட்டார். செய்தியில் என்ன வாசிக்கிறார்கள் என்பது அவருக்கு முக்கியமில்லை. வாசிப்பவரின் அடித்தொண்டை எந்தப் பெட்டியில் சுத்தமாக விழுகிறது என்பதையே கவனித்தார். பக்கத்து வீட்டுச் சீனி ஏதாவது பேச வந்தால், கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணு பொண்ணைப் பாத்துட்டு ஒண்ணையும் கட்டாத மாப்பிள்ளை மாதிரி இருக்கு அண்ணே உங்க கதை," என்று சொல்லிவிட்டுச் சீனி போய்விட்டான்.

புத்தாண்டு வந்தது, முடிவு வரவில்லை. ஆகவே மூன்றையுமே திறந்து பேசவிட்டு, எட்டு மணிக்கு அவற்றின் எதிரில் உட்கார்ந்தார்.

பலாட்டா செய்தி வாசித்தது. நிலையம் தப்பிவிட்டது என்று திருகினார், தாய்லாந்து நிலையம் வந்தது. மூன்று ஆட்டைத் தட்டினார், அதிலும் செய்தி. விக்டோரியஸ் அதே செய்தியை ஜலதோஷத்தோடு வாசித்தது. ஏரியல் கம்பியைத் துணி காயும் கொடியில் கட்டினார். மூன்றும் சேர்ந்து ஊளையிட்டன. கம்பியைத் தகரக் கூரைக்கு மாற்றியதும் பலாட்டாவிலிருந்து புகை கிளம்பியது. பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியதில் வீட்டு ஃபியூஸ் போயிற்று.

மானத்தை விட்டுவிட்டுச் சீனி வீட்டுக்கு ஓடினார். அங்கே இருந்தது, அக்கா அன்று கொடுத்த அதே கம்பெனி ரேடியோ. அதிலும் செய்திதான். அன்று காலை முதல் தடவையாக லூயிஸின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா சீனி, உன் பெட்டியும் தப்பாத்தான் புடிக்குது."

"இல்லண்ணே, சரியாத்தான் புடிச்சுச்சு. 'ரேடியோ பைத்தியம் தம்பி லூயிஸுக்கு'ன்னு செய்திக்கு முன்னாடி நேயர் விருப்பத்துல உங்க பேரைப் படிச்சாங்களே."

"என்ன பாட்டு?"

"என்னமோ போட்டாங்க. நாங்க சிரிச்ச சிரிப்புல காதுல விழல."

லூயிஸ் கைக்கடிகாரத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "நான் எட்டுக்கே உக்காந்துட்டேன்டா. இப்ப எட்டு பத்துதான் ஆவுது. அதுக்குள்ள எப்படிப் போட்டு முடிப்பாங்க?"

சீனி, எட்டு நாற்பது காட்டிய தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கைகாட்டினான்.

"நேத்து ராத்திரியோட கவர்மெண்டு மணியை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளிடுச்சு லா. ஒரு மாசமா ரேடியோவுலதானே அண்ணே சொல்லிக்கிட்டு இருந்தாங்க."