கேரவனைக் காத்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தது. வேறு யாரையோ பற்றியதுபோல் இக்கதையைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். காடு முழுவதற்கும் தெரிந்துவிட்ட பிறகு மறைத்துப் பயனில்லை. அந்த முள்ளம்பன்றி நான்தான், பெயர் கோமளவல்லி.

எனக்கும் என் கணவர் சிங்காரத்துக்கும் ஒரு கேரவன் இருந்தது. இரண்டு சக்கரம், ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கூரையில் காற்றுக்கு ஒரு சன்னல். தை பிறந்ததும் அதில் கடற்கரைக்குப் போவது என்று முடிவு செய்திருந்தோம். வண்டியை இழுக்கக் காட்டெருமை வீரணன் இசைந்திருந்தார். என் கணவர் கடலைக் கண்டதில்லை. அவருடைய இரு கண்களிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. "இந்தத் தையை விட்டா, கோமளா, அப்புறம் கடலைக் காதாலதான் பார்க்கணும்" என்பார்.

ஆகவே மழைக்கால மூன்று மாதமும் வெட்டவெளியில் நிற்கப்போகும் கேரவனைக் காப்பது என் பொறுப்பாயிற்று. பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் எப்படிப்பட்டவள் என்பதைக் காடே அறியும். அறிந்து ஒதுங்கியும் போகும்.

தண்ணீர்த் தொட்டியை வடித்தேன். பேட்டரியைக் கழற்றி வளைக்குள் வைத்தேன். சக்கரங்கள் மண்ணில் புதையாதிருக்கப் பலகையும், உருளாதிருக்கக் கல்லும் கொடுத்தேன். மெத்தையைச் சுவரில் படாமல் நிமிர்த்தி, மூலைக்கு நான்கு பாச்சா உருண்டை போட்டேன். உள்ளே புழுக்கம் சேராதிருக்கக் கூரைச் சன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்தேன். அதன்பின் வண்டி முழுவதையும் நீலத் தார்ப்பாயால் மூடிப் பதினாறு இடங்களில் கயிறு கட்டினேன்.

வீரணனுக்கும் சொந்தமாக ஒரு கேரவன் உண்டு. அதைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு அவர் மேயப் புறப்பட்டார்.

"மூட வேண்டாமா, அண்ணே?"

"மழை மேல விழும், கீழ போயிடும். நடுவுல நான் எதுக்கும்மா?"

அவருக்காக வருந்தினேன். வருந்திய தேதியைக் குறிப்பேட்டிலும் எழுதினேன்.

அன்று மாலை எலி தவமணி தன் ஏழு பிள்ளைகளுடன் வந்து நின்றாள். "அக்கா, மழை வந்தா எங்க வளையில தண்ணி ஏறிடும். வண்டிக்கு அடியில ஒதுங்கிக்கட்டுமா? மேல ஏற மாட்டோம்."

"கடிக்கமாட்டோம் என்று எழுதிக் கொடு."

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் வளையில இருக்கேன்?"

ஒரு தாளில் பல் பதித்துத் தரச் சொன்னேன். எட்டுப் பேரும் வரிசையாகக் கடித்தார்கள். அத்தாளைக் கோப்பில் சேர்த்தேன்.

ஐப்பசி பிறந்தது, மழையும் பிறந்தது. வாரம் ஒரு முறை தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து, கூரையின் மேல் தவழ்ந்து, முழு வண்டியையும் ஆய்வு செய்வேன். எங்கேனும் குறை இருக்குமோ என்ற கவலையில் முதுகு முட்கள் நிமிர்ந்துகொள்ளும். அது எங்கள் குலத்தின் கடமையுணர்ச்சி.

முதல் வாரம் குறை ஏதுமில்லை. இரண்டாம் வாரம் கூரையில் சிறிது ஈரம். தார்ப்பாயில் பொடிப்பொடியாகச் சில துளைகள். ஆய்வை வாரம் இருமுறை ஆக்கினேன். துளைகள் பெருகின. நாள்தோறும் செய்தேன். கூரைச் சன்னல் வழியே நீர் உள்ளே சொட்டியது. காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் செய்தேன். என் விழிப்புக்கு அஞ்சாத எதிரியை வாழ்வில் முதன்முறையாகச் சந்தித்தேன்.

"கொஞ்ச நாள் அதைச் சும்மாதான் விட்டுப் பாரேன், கோமளா" என்றார் கணவர்.

"சும்மா விட்டதால்தான் உங்கள் கண்கள் இப்படி ஆயின" என்றேன்.

தவமணியை அழைத்தேன்.

"நாங்க இல்லக்கா. எலி கடிச்சா ஓரம் பிசிறு பிசிறா நிக்கும். இது ஊசியில குத்தின மாதிரி இருக்கு."

"குற்றத்தின் நுட்பம் குற்றவாளிக்குத்தான் தெரியும்."

"அப்போ உங்களுக்குத் தெரியாதது ஏன்னு எனக்கு விளங்கலை" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

வனச் சொத்துப் பாதுகாப்பு அலுவலகத்தில் முயல்களுக்கும் ஓர் ஆமைக்கும் பின்னால் இரண்டு நாள் வரிசையில் நின்று, மூன்று பிரதிகளில் புகார் கொடுத்தேன். இணைப்பு: பற்குறித் தாள் ஒன்று.

மார்கழிக் கடைசியில் கீரி ஆய்வாளர் அளவு நாடாவுடன் வந்தார். பற்குறியையும் துளையையும் ஒப்பிட்டார், உதட்டைப் பிதுக்கினார். "அம்மா, வழக்கமா எப்படிச் சோதிப்பீங்களோ, அப்படியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

பெருமையுடன் உள்ளே நுழைந்தேன். ஓர் அங்குலம் விடாமல் கூரை முழுவதும் தவழ்ந்து மறுபுறம் வெளிவந்தேன். ஆய்வாளரும் கணவரும் தவமணியும் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவமணிதான் வாய் திறந்தாள். "நாத்து நட்ட மாதிரி வரிசையா முள்ளு மேல வந்துச்சுக்கா. நீங்க நகர நகர அதுவும் நகர்ந்துச்சு. அழகாத்தான் இருந்துச்சு."

கணவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"புரை விழுந்த கண்ணுக்கே தெரிஞ்சுது."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா உனக்கு முள் நிமிரும். பக்கத்துல இருக்கறது நான்தானே."

ஆய்வாளர் படிவத்தை நீட்டினார். "'துளையிட்டவர் பெயர்'னு ஒரு கட்டம் காலியா இருக்குங்க."

"மழை என்று எழுதுங்கள்."

"மழை எப்படிம்மா தார்ப்பாயைத் துளைக்கும்?"

கேட்டுவிட்டு அவர் என் முதுகைப் பார்த்தார். ஓரடி பின்வாங்கினார். 'மழை' என்றே எழுதிக்கொண்டார்.

தை பிறந்தது. கயிறுகள் பதினாறையும் அவிழ்த்தோம். மெத்தையில் காளான் முளைத்திருந்தது. பலகைத் தரை ஊறிப் பருத்திருந்தது. வீரணன் ஒரு முறை இழுத்ததும் கட்டிலும் அடுப்பும் தரையோடு கீழே இறங்கின. சக்கரங்கள் மட்டும், நான் வைத்த பலகையின்மேல், பழுதின்றி நின்றன.

வீரணன் தம் கேரவனைக் கொண்டுவந்தார். கூரையில் புளியஞ்சருகு, கதவில் துரு, உள்ளே உலர்ந்திருந்தது.

"நீயும் வா, கோமளா. இடம் இருக்கு" என்றார் கணவர்.

மூன்று மாதம் மூடப்படாமல் கிடந்த வண்டியில் நான் ஏறுவதா? மேலும், உடைந்து கிடந்த எங்கள் கேரவனை அப்படியே விட்டுச்செல்ல மனம் ஒப்பவில்லை. அவரை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு, புதுத் தார்ப்பாய் வாங்கிவந்து அதைப் போர்த்தினேன்.

எட்டாம் நாள் அவர் திரும்பினார். கால் முழுவதும் மணல். என்னையும், தார்ப்பாய் போர்த்திய வண்டியையும் பார்த்தார்.

"கடல் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"பெருசா இருந்துச்சு" என்றார். "யாரும் மூடி வைக்கலை."

நீதி: குற்றவாளி யாரென்று தெரியும்வரை விசாரணையைக் கண்டிப்பாக நடத்துங்கள், தெரிந்தபின் மழையின் பெயரை எழுதிவிடுங்கள். மழை மேல்முறையீடு செய்வதில்லை.