மிஷின் சாரின் அட்டை கீபோர்டு

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில், கம்ப்யூட்டராகவே உத்தியோகம் பார்த்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் மிஷின் சார்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் சிறப்புப் பாடம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரும் இருந்தது. ஒன்றே ஒன்று. தேங்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஏ.சி. அறையில் பட்டுத்துணி போர்த்திப் பூட்டிவிட்டார்கள். சாவி கல்லூரிச் செயலாளர் இடுப்பில். "பயலுவ கை பட்டா கெட்டுப் போவும்" என்பது அவர் கொள்கை. திருச்செந்தூர் முருகனையாவது வரிசையில் நின்றால் பார்த்துவிடலாம்.

எங்களுக்குப் பாடம் நடத்த வந்த கணிதப் பேராசிரியர் அசரவில்லை. "ஏலே, இனி நாந்தான் மிஷினு. அடிங்கலே" என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கொரு அட்டையில் கீபோர்டு வரைந்து கொடுத்தார். நாங்கள் அட்டையைத் தட்டியபடி புரோகிராமைச் சொல்ல வேண்டும்; அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டு விடை சொல்வார். தப்பாக இருந்தால் "எர்ரர்!" என்று ஒரு கத்தல். பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்துகிறவருக்குச் செய்யுள் மறந்துபோகும்.

ஒருநாள் நான் முடிவே இல்லாத லூப் ஒன்றை எழுதித் தொலைத்தேன். "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு" என்று ஆரம்பித்தவர் மணி அடித்தும் நிறுத்தவில்லை. அப்படியே சொல்லிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். பிரின்சிபால் வணக்கம் சொன்னதற்கும் அதே பதில்தான். நான் பின்னாலேயே ஓடி, "பிரேக் சார், பிரேக்!" என்று கத்திய பிறகே நின்றார்.

அட்டையில் எழுத்துகள் ஏ, பி, சி, டி என்று ஒழுங்காக வரிசையில் இருந்தன. டைப்ரைட்டிங் படித்த ஒரு மாணவி மட்டும், "டைப்ரைட்டர்ல வேற மாதிரில்லா சார் இருக்கும்?" என்று கேட்டாள்.

"அது குமாஸ்தா அடிக்குத சாமான்மா. இது கணக்குப் போடுத மிஷினு. இதுல ஏ-க்கு அடுத்து பி வராம வேற என்ன வரும்?"

நிரூபித்துவிட்டார். செயலாளரிடம் சாவியைக் கேட்டு, துணியைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நிரூபித்த பிறகு எதற்குப் பார்ப்பது?

துணி விலகியது செய்முறைத் தேர்வன்றுதான். தேர்வாளர் வெளியூர்க்காரர், சிரித்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதுபோல் ஒரு முகம். தேறாவிட்டால் எனக்கு ஏரலில் அப்பாவின் வாழைக்காய் மண்டிதான் கதி. அப்பா தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் ஆள் நான். பழகிய கை என்பதால் கீழே பார்க்காமல் சரசரவென்று அடித்தேன். திரையில் வந்தது எந்த நாட்டு மொழியும் அல்ல.

"என்ன தம்பி இது?" என்றார் தேர்வாளர்.

குனிந்து பார்த்தேன். ஏ-க்குப் பக்கத்தில் எஸ்! மூக்கில் வாழைக்காய் வாசம் அடித்தது. தேர்வாளர் எனக்கு முட்டை போடப் பேனாவைத் திறந்தார்.

அறை மூலையில் உட்கார்ந்திருந்த மிஷின் சார் எழுந்து முன்னால் வந்தார்.

"சார், தப்பு பயலுது இல்ல. கீபோர்ட வரைஞ்சது நான். இவனுவளுக்கு மிஷினத் தெரியாது, கணக்கு தெரியும். வாயால கேட்டுப் பாருங்க. சொல்லலேன்னா இவனோட சேத்து என்னையும் ஃபெயிலாக்கிருங்க."

தேர்வாளர் நீளமாக ஒரு புரோகிராமைக் கரும்பலகையில் எழுதினார். நான் கண்ணை மூடிக் கணக்குப் போட்டு விடையைச் சொன்னேன். அவர் அதையே கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தார். அதுவும் என் விடையைத்தான் சொன்னது. அடுத்ததில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்தார். என்னையும் அறியாமல் "எர்ரர்!" என்று கத்திவிட்டேன். அவர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. அன்றைக்கு அத்தனை பேரையும் வாயாலேயே கேட்டுத் தேற வைத்துவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு சார் முதன்முறையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு தேடினார்.

"ஏலே, எம்-ம எங்கனலே வச்சிருக்கான்?"

"கீழ் வரிசைல, கடைசி எழுத்து சார்."

பைய அமுக்கினார். திரையில் எழுத்து வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு நான் எத்தனையோ மிஷின்களோடு குப்பை கொட்டிவிட்டேன். தப்பு தன்னுடையது என்று சொல்லி எனக்காக எழுந்து நின்றது அவர் ஒருவர்தான்.